மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது? ஆர்.என்.ஏ ஆய்வுலகை வைத்து ஒரு விளக்கம்

ஒவ்வொரு அக்டோபரிலும் இது நடக்கும். நோபல் பரிசு அறிவித்துப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது, அதற்குள் யாராவது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலர் தளத்தைத் திறந்து, பரிசு வாங்கியவரின் மேற்கோள் எண்ணிக்கையைப் படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். "அடேங்கப்பா!" என்று ஒரு கூட்டம். "இவ்வளவுதானா? எங்கள் பேராசிரியருக்கே இதைவிட அதிகம்" என்று இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் அந்த எண்ணை மதிப்பெண் மாதிரி படிக்கிறது. அது மதிப்பெண்ணே இல்லை. அப்படியென்றால் அது என்ன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். உதாரணத்துக்கு ஆர்.என்.ஏ ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். காரணம் இருக்கிறது: மேற்கோள் எண்ணிக்கை எத்தனை விதமாக ஆளை ஏமாற்றுமோ அத்தனை விதத்துக்கும் அந்தத் துறையில் ஒரு கதை உண்டு.

மேற்கோள் என்றால் என்ன

வீட்டில் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்துவிட்டு, "பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன மாதிரி நூலைச் சுற்றி இறுக்கினேன், நின்றுவிட்டது" என்று நாலு பேரிடம் சொல்கிறீர்கள். அந்த அண்ணனுக்கு இப்போது ஒரு மேற்கோள் கிடைத்துவிட்டது. ஆய்வுக் கட்டுரையிலும் இதே கதைதான். ஒரு விஞ்ஞானி தான் செய்ததை எழுதும்போது, யார் கண்டுபிடித்ததை நம்பி இதைச் செய்தார், யாருடைய முறையைப் பின்பற்றினார் என்று வரிக்கு வரி ஒரு எண் போட்டு, கடைசியில் பட்டியல் தருவார். உங்கள் கட்டுரை எத்தனை பேருடைய பட்டியலில் இடம் பிடித்ததோ அதுதான் உங்கள் மேற்கோள் எண்ணிக்கை. ஆங்கிலத்தில் சைட்டேஷன் என்பார்கள்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. "பக்கத்து வீட்டு அண்ணன் பேச்சைக் கேட்டேன், குழாயே உடைந்துவிட்டது" என்று சொன்னாலும் அண்ணனுக்கு ஒரு மேற்கோள்தான்! எண்ணுகிற இயந்திரத்துக்குப் பாராட்டும் தெரியாது, திட்டும் தெரியாது. தட்டம்மை தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு 1998-இல் ஒரு கட்டுரை வந்தது. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்கும் மேற்கோள்கள் குவிந்தன. பெரும்பாலும் அது தப்பு என்று சொல்வதற்காக.

ஆக, மேற்கோள் என்பது "இதை நான் தொட்டேன்" என்று ஒருவர் விட்டுப் போகும் தடயம். எதற்காகத் தொட்டார் என்பது எண்ணில் இருக்காது, அந்த வரியைப் படித்தால்தான் தெரியும்.

ஒரு வரியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்

முதலில் ஆர்.என்.ஏ பற்றி இரண்டு வார்த்தை. டி.என்.ஏ என்பது செல்லுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்த மூலப் பத்திரம் என்றால், ஆர்.என்.ஏ அதிலிருந்து வேலைக்காக எடுக்கும் தற்காலிகப் பிரதி. அந்தப் பிரதிகளில் ஒரு வகை, புரதம் செய்யும் குறிப்பைச் சுமந்து போகும். அதற்குத் தூது ஆர்.என்.ஏ என்று பெயர், எம்.ஆர்.என்.ஏ என்றும் சொல்வார்கள். வேலை முடிந்ததும் அழிந்துபோக வேண்டியது என்பதால் ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதையும். அதைச் சிதைக்கும் நொதிகள் நம் விரல் நுனியிலேயே இருக்கின்றன. ஆய்வகத்தில் கையுறை இல்லாமல் ஆர்.என்.ஏ குழாயைத் தொட்டால் யாராவது கத்துவது அதனால்தான்.

இப்போது ஏதாவது ஒரு ஆர்.என்.ஏ கட்டுரையின் செய்முறைப் பகுதிக்குப் போங்கள். "செல்களிலிருந்து மொத்த ஆர்.என்.ஏ பிரித்தெடுக்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் ஒரு குட்டி எண். பல வருஷங்களாக அந்த எண் சுட்டியது பியோத்தர் சோம்சின்ஸ்கியும் நிக்கோலெட்டா சாச்சியும் 1987-இல் எழுதிய கட்டுரையை. அதற்கு முன்னால் பரவலாக இருந்த ஒரு முறையில், அடர்த்தியான சீசியம் குளோரைடு கரைசலில் மாதிரியை விட்டு, அதிவேக மையவிலக்கு இயந்திரத்தில் மணிக்கணக்காகச் சுழற்ற வேண்டும். ஒரு தடவைக்குச் சில மாதிரிகளைத்தான் போடலாம். இவர்கள் செய்தது சுருக்கமானது. ஆர்.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதிகளை முடக்கும் குவானிடினியம் உப்பில் செல்லைக் கரைத்து, அமிலத்தன்மையுள்ள ஃபீனாலும் குளோரோஃபார்மும் சேர்த்துக் குலுக்கினார்கள். திரவம் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி இரண்டு அடுக்காகப் பிரியும். அமிலத்தன்மை இருப்பதால் டி.என்.ஏ-வும் புரதமும் நடுவிலும் கீழேயும் தங்கிவிட, ஆர்.என்.ஏ மட்டும் மேலேயுள்ள நீரில் மிதக்கும். மேல் அடுக்கை உறிஞ்சி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மொத்தம் நாலு மணி நேர வேலை.

2014-இல் நேச்சர் இதழ், உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியல் போட்டபோது, இந்தக் கட்டுரை ஐந்தாவது இடத்தில், ஏறக்குறைய 60,000 மேற்கோள்களோடு இருந்தது. முதலிடம் 1951-இல் லௌரி குழுவினர் எழுதிய, புரதத்தின் அளவைக் கணக்கிடும் முறை பற்றிய கட்டுரைக்கு. மூன்று லட்சத்துக்கும் மேல். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை? அந்த நூறில் இல்லவே இல்லை.

இதைக் கேட்டால் அநியாயமாகத் தெரியும், ஆனால் இல்லை. அளவுகோலை எத்தனை பேர் தினமும் எடுக்கிறார்கள், புவியீர்ப்பு விதியை எத்தனை பேர் தினமும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள்? செய்முறைக் கட்டுரை ஒரு அளவுகோல். எடுக்கிறவர்கள் எல்லாரும் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். பெரிய கருத்து வேறு மாதிரி: அது பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் அப்புறம் யாரும் யார் சொன்னது என்று குறிப்பிடுவதில்லை. சோம்சின்ஸ்கி முறைக்கும் இப்போது அதுதான் நடக்கிறது. ட்ரைசால் மாதிரி பெயர்களில் அந்தக் கரைசல் தயாராகப் பாட்டிலில் வருவதால், பலர் பாட்டிலின் பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பயன்பாடு தொடர்கிறது, எண்ணிக்கையில் மட்டும் சேர்வதில்லை.

எச்-இன்டெக்ஸ்: எளிய கணக்கு, பெரிய குழப்பம்

மொத்த மேற்கோளை மட்டும் பார்த்தால் ஒரே ஒரு அளவுகோல் கட்டுரை எழுதியவர் எல்லாரையும் தாண்டிவிடுவார். இதைச் சரிக்கட்ட 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஒரு வழி சொன்னார். அதுதான் எச்-இன்டெக்ஸ்.

கணக்கு இப்படி: ஒருவருடைய கட்டுரைகளை மேற்கோள் அதிகமுள்ளதிலிருந்து குறைவானது வரை அடுக்குங்கள். 50, 22, 9, 6, 5, 3, 1 என்று இருக்கிறது. முதல் கட்டுரைக்கு 1 மேற்கோளாவது இருக்கிறதா, இரண்டாவதுக்கு 2 இருக்கிறதா, மூன்றாவதுக்கு 3 இருக்கிறதா என்று இறங்கிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவதுக்கு 5 இருக்கிறது, சரி. ஆறாவதுக்கு 6 வேண்டும், 3 தான் இருக்கிறது. அங்கே நின்றுவிடுங்கள். இவருடைய எச்-இன்டெக்ஸ் 5.

தொடர்ந்து கவனிக்கப்படுகிற வேலையை நிறையச் செய்கிறாரா என்று பார்க்க இது பரவாயில்லை. ஆனால் வேறொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் வாழ்நாளில் மூன்றே கட்டுரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 10,000 மேற்கோள் வாங்கியிருக்கிறார். எச்-இன்டெக்ஸ் 3. இன்னொருவர் 30 கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் 30 வாங்கியிருக்கிறார். அவருக்கு 30. முதலாமவர் ஒரு துறையையே திருப்பிப் போட்டிருக்கலாம், இந்த எண்ணுக்கு அது தெரியாது. இன்னொன்று: ஒருவர் எழுதுவதை நிறுத்தினாலும், ஏன், இறந்தே போனாலும், எச்-இன்டெக்ஸ் இறங்காது, ஏற மட்டுமே செய்யும். அதனால் 60 வயதுக்காரரையும் 30 வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிடுவது, உயரத்தை வைத்து மரத்தையும் செடியையும் ஒப்பிடுகிற மாதிரி.

எந்தத் தளத்தில் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம், இதழில் வருவதற்கு முன் இணையத்தில் போடும் முன்பதிப்பு எல்லாவற்றையும் வாரிப் போட்டுக்கொள்ளும். வெப் ஆஃப் சயன்ஸ், தேர்ந்தெடுத்த இதழ்களை முதன்மையாக வைத்து எண்ணும். ஒரே மனிதருக்கு இரண்டிலும் வேறு வேறு எண். இதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் தளத்தின் பெயரைச் சொல்வதே இல்லை.

இதுவரை பார்த்தது: மொத்த எண்ணிக்கை ஒரு கட்டுரையால் ஊதிவிடலாம், எச்-இன்டெக்ஸ் அந்த ஊதலைக் குறைக்கும், ஆனால் அதோடு சேர்த்து உண்மையான பெரிய கண்டுபிடிப்பையும் தட்டையாக்கிவிடும்.

புழுவில் கிடைத்த 22 எழுத்து

இனி காலத்தைப் பற்றி. மேற்கோள் உடனே வரும் என்று யார் சொன்னது?

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று ஒரு புழு, நீளம் ஒரு மில்லிமீட்டர். அது குஞ்சிலிருந்து வளரும்போது எந்தச் செல் எப்போது என்ன ஆக வேண்டும் என்பதில், பழுதானால் கோளாறு உண்டாக்கும் இரண்டு மரபணுக்கள், லின்-4, லின்-14. விக்டர் ஆம்ப்ரோஸ் லின்-4 பக்கமும் கேரி ருவ்கன் லின்-14 பக்கமும் வேலை செய்தார்கள். லின்-4 ஒரு புரதத்தைத்தான் செய்யும் என்று எதிர்பார்த்துத் தேடினால், கடைசியில் கிடைத்தது 22 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆர்.என்.ஏ (ஆர்.என்.ஏ சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஒரு எழுத்து என்பார்கள்). அவ்வளவுதான், புரதமே இல்லை. இரண்டு ஆய்வகமும் தங்கள் வரிசைகளை ஒப்பிட்டபோது, அந்தத் துண்டு லின்-14-இன் தூது ஆர்.என்.ஏ-வின் வால் பகுதியில் பல இடங்களில் போய் ஒட்டக்கூடியது என்று தெரிந்தது. ஒட்டினால் அந்தக் குறிப்பிலிருந்து புரதம் உருவாவது தடைபடும். ஒரு ஆர்.என்.ஏ இன்னொரு ஆர்.என்.ஏ-வின் வாயை அடைக்கிறது! இந்தக் குட்டி அடைப்பான்களுக்குப் பின்னால் வந்த பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ.

1993-இல் செல் இதழில் இரண்டு கட்டுரைகளும் ஒன்றாக வந்தன. பெரிய பரபரப்பு ஒன்றும் இல்லை. புழுவின் விநோதம், நமக்கென்ன என்று உலகம் போய்விட்டது. ஏழு வருஷம் கழித்து, 2000-இல், ருவ்கன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டுபிடித்தது. அது புழுவில் மட்டும் இல்லை, ஈயிலும் மீனிலும் மனிதனிலும் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் ஓடி வந்து பழைய 1993 கட்டுரைகளைத் தூசி தட்டினார்கள். இன்று ஆம்ப்ரோஸ் குழுவின் லின்-4 கட்டுரைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் மேற்கோள். ஆம்ப்ரோஸுக்கும் ருவ்கனுக்கும் நோபல் 2024-இல்.

நடுவில், 1996-இலோ 1997-இலோ யாராவது ஆம்ப்ரோஸின் எண்களை மட்டும் பார்த்து அவருக்கு வேலை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்படி வருஷக்கணக்கில் யாரும் சீண்டாமல் கிடந்து திடீரென்று எழும் கட்டுரைகளுக்கு 'தூங்கும் அழகி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், மேற்கோள்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள்.

இதே கதையில் இன்னொரு திருப்பமும் இருக்கிறது. 2004-இல் டேவிட் பார்ட்டெல் மைக்ரோ ஆர்.என்.ஏ பற்றி அதுவரை தெரிந்த எல்லாவற்றையும் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். புதுச் சோதனை செய்து எழுதுவது ஒரு வகை, மற்றவர்கள் செய்ததைத் தொகுத்து விளக்குவது இன்னொரு வகை; இரண்டாவதுக்கு மீள்பார்வைக் கட்டுரை என்று பெயர். பார்ட்டெலின் மீள்பார்வைக்கு, மூலக் கண்டுபிடிப்பைச் சொன்ன 1993 கட்டுரையைவிட அதிக மேற்கோள். பார்ட்டெல் ஒன்றும் சளைத்தவர் இல்லை, அவரே அந்தத் துறையின் பெரிய ஆய்வாளர்களில் ஒருவர். குறை அவரிடம் இல்லை. ஒவ்வொரு கட்டுரையும் "மைக்ரோ ஆர்.என்.ஏ என்பவை..." என்று ஒரு அறிமுக வரியோடு தொடங்க வேண்டியிருக்கிறது, அந்த வரிக்குப் பத்து மூலக் கட்டுரைகளைத் தேடிப் போடுவதைவிட ஒரு மீள்பார்வையைப் போடுவது சுலபம். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் இருக்கிறது.

கரிக்கோவின் வரைபடம்

கேட்டலின் கரிக்கோ கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள், ஆனால் மேற்கோள் கண்ணோடு ஒரு தடவை பார்ப்போம். ஹங்கேரியில் 1955-இல் பிறந்தவர், 1985-இல் அமெரிக்கா வந்து, 1989-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தூது ஆர்.என்.ஏ-வை மருந்தாகக் கொடுத்து, உடம்பையே தேவையான புரதத்தைச் செய்ய வைக்கலாம் என்பது அவருடைய பிடிவாதம். நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்கள் திரும்பித் திரும்பி வந்தன. 1995-இல் பதவி இறக்கப்பட்டார். அப்புறம் ஒரு நாள் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் ட்ரூ வைஸ்மன் என்ற நோயெதிர்ப்பு ஆய்வாளரைச் சந்தித்தார். இரண்டு பேரும் ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளை நகலெடுக்க வந்தவர்கள். மற்றவர்கள் எழுதியதைப் படிக்க வந்த இடத்தில்தான் அந்தக் கூட்டணியே உருவானது.

அவர்களுடைய சிக்கல் இது: ஆய்வகத்தில் செய்த தூது ஆர்.என்.ஏ-வைச் செல்லுக்குள் விட்டால், அதை வைரஸ் என்று நினைத்துச் செல் அலறிவிடும், வீக்கம் வரும். ஆனால் உடம்பின் சொந்த ஆர்.என்.ஏ-க்களில் சிலவற்றைப் பார்த்து அப்படி அலறுவதில்லை. ஏன்? உடம்பு தன் ஆர்.என்.ஏ எழுத்துகளில் சின்னச் சின்ன ரசாயன மாற்றங்களைச் செய்து வைக்கிறது. அதே மாதிரி இவர்களும் யூரிடின் என்ற எழுத்துக்குப் பதிலாக சூடோயூரிடின் என்ற அதன் சாயல் எழுத்தைப் போட்டார்கள். அலறல் அடங்கியது. இது 2005-இல் இம்யூனிட்டி என்ற இதழில் வந்தது. ஹிர்ஷ் எச்-இன்டெக்ஸைச் சொன்னதும் அதே வருஷம் என்பது வேடிக்கையான தற்செயல். இப்படி மாற்றினால் புரதமும் அதிகமாக உருவாகிறது என்று 2008-இல் காட்டினார்கள்.

அந்த 2005 கட்டுரையின் மேற்கோள்களை வருஷவாரியாக ஒரு வரைபடமாகப் போட்டால், நெடுநாள் தாழ்வாக ஊர்ந்துகொண்டிருந்துவிட்டு 2020-க்கு மேல் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஃபைசர்-பயோஎன்டெக், மாடர்னா இரண்டு கோவிட் தடுப்பூசிகளிலும் இருப்பது சூடோயூரிடினின் நெருங்கிய உறவு. 2023-இல் இருவருக்கும் நோபல். இப்போது ஒரு கேள்வி. 2006-க்கும் 2022-க்கும் இடையில் அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்தாவது மாறியதா? இல்லை. சோதனை அதே, முடிவு அதே. மாறியது வெளியுலகம், அதன் தேவை. மேற்கோள் எண்ணிக்கையில் பாதி அந்த வேலையைப் பற்றிய தகவல், மீதி அதைச் சுற்றியுள்ள கூட்டத்தைப் பற்றிய தகவல் என்று நான் சொல்வது இதனால்தான். கூட்டம் பெரிதானால் எண் பெரிதாகும். மூலக்கூறு உயிரியலில் ஆயிரக்கணக்கான ஆய்வகங்கள், கட்டுரைக்கு நீளநீளமாக மேற்கோள் பட்டியல். கணிதத்தில் ஆளும் குறைவு, பட்டியலும் குறைவு. ஒரு ஆர்.என்.ஏ ஆய்வாளரின் 500 மேற்கோளையும் ஒரு கணித ஆய்வாளரின் 500 மேற்கோளையும் பக்கத்தில் வைப்பதில் அர்த்தமே இல்லை.

யாருடைய மேற்கோள்?

ஒரு கட்டுரையில் நாலு பேர் பெயர் இருந்தால், ஒவ்வொரு மேற்கோளும் நாலு பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். கால் கால் பங்காகப் பிரிக்க மாட்டார்கள். ஆனால் உயிரியலில் பெயர் வரிசைக்கு ஒரு பழக்கம் உண்டு: முதல் பெயர் பெரும்பாலும் சோதனை மேசையில் நின்று வேலை பார்த்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். நடுவில் இருப்பவர்களின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், ஒரு மாதிரியைக் கொடுத்து உதவியதாகவும் இருக்கலாம். 2005 கட்டுரையில் முதல் பெயர் கரிக்கோ, கடைசி வைஸ்மன். 1993 லின்-4 கட்டுரையின் முதல் பெயர் ரோசலிண்ட் லீ, கடைசி ஆம்ப்ரோஸ். லீ ஆம்ப்ரோஸின் மனைவியும்கூட. பரிசு அறிவித்தபோது "முதல் பெயருக்கு ஏன் இல்லை" என்ற கேள்வி எழுந்தது, நியாயமான கேள்விதான் என்பது என் கட்சி. மேற்கோள் எண்ணிக்கையைக் கேட்டால் லீக்கும் ஆம்ப்ரோஸுக்கும் அந்தக் கட்டுரையால் வந்தது ஒரே எண் என்றுதான் சொல்லும்.

இதழின் எண் ஆளின் எண் ஆகாது

இம்பாக்ட் ஃபேக்டர் என்பதையும் இதோடு போட்டுக் குழப்புவார்கள். அது இதழுக்கான சராசரி. ஒரு இதழ் போன இரண்டு வருஷங்களில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த வருஷம் கிடைத்த மேற்கோள்களை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. யூஜின் கார்ஃபீல்டு இதை உருவாக்கியபோது எந்த இதழைக் கணக்கில் எடுப்பது என்பதுதான் கேள்வி, யாருக்குப் பதவி உயர்வு கொடுப்பது என்பதல்ல. ஒரு வகுப்பின் சராசரியை வைத்து ஒரு மாணவனுக்கு மதிப்பெண் போட முடியுமா? அதைத்தான் பல இடங்களில் செய்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதற்காகவே 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த செல் உயிரியலாளர் மாநாட்டின்போது இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் கூடி ஒரு பிரகடனம் தயாரித்தார்கள். சுருக்கமாக டோரா என்பார்கள்.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது

எண்ணையே பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். ஒரு ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தால் முதலில் மொத்தத்தை விட்டுவிட்டு, அதிகம் மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளைப் பார்ப்பேன்: புதுக் கண்டுபிடிப்பா, செய்முறையா, மீள்பார்வையா? அதில் இவர் பெயர் எந்த இடத்தில்? அப்புறம் வருஷவாரிப் பட்டை வரைபடம். ஆரம்பத்திலிருந்தே சீராக ஏறுகிறதா, வெளியே நடந்த ஏதோ ஒன்றால் திடீரென்று எகிறியதா, அல்லது தன் கட்டுரைகளைத் தானே மேற்கோள் காட்டியே ஊதியிருக்கிறாரா? தன்னையே குறிப்பிடுவது தப்பில்லை, பத்து வருஷமாக ஒரே மூலக்கூறோடு மல்லாடுகிறவர் வேறு யாரைக் குறிப்பிடுவார். ஆனால் பாதிக்கு மேல் அதுவாகவே இருந்தால் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, நேரம் இருந்தால், இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்: அவரைக் குறிப்பிட்ட கட்டுரைகளில் இரண்டு மூன்றைத் திறந்து, அந்தக் குட்டி எண் எந்த வரியில் வருகிறது என்று தேடுங்கள். அறிமுகத்தில் பத்துப் பெயர்களோடு கூட்டத்தில் ஒன்றாக வருகிறதா, செய்முறையில் வருகிறதா, இல்லை "இவர்கள் காட்டியதை நாங்கள் திரும்பச் செய்தோம், எங்களுக்கு அப்படி வரவில்லை" என்ற வரிக்குப் பக்கத்தில் வருகிறதா?